மிலிட்டரி டிஸ்போசல் லாரியும் டிரெய்லரும்: எந்த வழி கட்டுப்படியாகும்?

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோன அந்த வெள்ளத்துக்குப் பிறகு நம்ம பக்கத்தில் ஒரு ஆசை பரவியிருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற, உயரமான, இராணுவம் கழித்து ஏலம் விடுகிற பழைய மிலிட்டரி லாரி ஒன்றை எடுத்து, கூடவே அதன் ஒரு டன் டிரெய்லரையும் எடுத்து, சரிபண்ணி வைத்துக்கொண்டால் என்ன என்று. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் தோட்டம் வைத்திருப்பவர் கேட்கிறார், பணகுடியில் காற்றாலைக்குச் சாமான் ஏற்றுகிறவர் கேட்கிறார், பட்டாளத்தில் அதே வண்டியை ஓட்டிவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவரும் கேட்கிறார். ஆள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, பழையபடியே ஆக்கவா, டீசல் எஞ்சின் போட்டு ஓட்டவா, இல்ல டிரெய்லரை மட்டும் எடுத்துட்டு வரவா?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிரெய்லர் போதும். லாரிதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் அதை அதன் உருவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே, எஞ்சினை மாற்றி ஓட்டுவது, பட்டறையில் உட்கார்ந்து டீ குடிக்கும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், கடைசியில் அதிகம் செலவு வைப்பதும் அதுதான்.

வெள்ளத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சக்கர இழுவை சேற்றுக்கும் மணலுக்கும் உதவும், ஓடுகிற தண்ணீருக்கு உதவாது. அச்சுக்கு மேலே தண்ணீர் ஏறினால் ஹவுசிங்கின் மூச்சுக் குழாய் வழியாக உள்ளே போய் கியர் ஆயிலைப் பாலாக்கிவிடும். வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றில் அரிசி மூட்டை கொண்டுபோக வண்டி வேண்டும் என்றால் அது நியாயமான காரணம், அதற்கு டிராக்டரும் டிரெய்லருமே போதும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயம் பார்க்கவேண்டும்: காகிதம், ஓடப்போகிற இடம், சாமான் கிடைப்பது, ஓட்டும் செலவு, நாளைக்கு விற்கவேண்டி வந்தால் யார் வாங்குவார்கள் என்பது. இதில் காகிதம்தான் பெரிசு, அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இராணுவத்தில் இருக்கும்போது அந்த வண்டிக்கு நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் நம்பர் கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட இராணுவ நம்பர்தான். அம்புக்கு அடுத்து வரும் இரண்டு எண்கள் வாங்கிய ஆண்டு, அதனால் பிளேட் மிச்சமிருந்தால் வண்டியின் வயசை நின்ற இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டம் 60-ஆம் பிரிவின் கீழ் வரும் அந்தப் பதிவு, வண்டி பாதுகாப்புப் பணியை விட்டு வெளியே வந்ததும் செல்லாது. நீங்கள் புதிதாகப் பதியவேண்டும். அதற்குப் பதிவு விண்ணப்பமான படிவம் 20-உடன், இராணுவ வண்டி என்றால் விற்ற அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்றும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 சொல்கிறது. ஜெராக்ஸ் செல்லாது. "நாலு கை மாறி வந்துச்சு, பேப்பர் எல்லாம் பின்னாடி வரும்" என்று புரோக்கர் சொன்னால் அந்தப் பேப்பர் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் 2023 ஏப்ரல் 1-இல் வந்தது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, அங்கீகரித்த ஸ்கிராப் மையத்தில் உடைக்கக் கொடுக்கவேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் ஏல அறிவிப்பில் 'ஸ்கிராப்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளத்தில் நடக்கும் ஏலங்களில் ஓட்டுவதற்குக் கொடுக்கும் லாட்டும் உண்டு, உடைப்பதற்குக் கொடுக்கும் லாட்டும் உண்டு. உடைக்கிற லாட்டை எடுத்துவிட்டு அதற்கு நம்பர் வாங்க அலைவதில் அர்த்தமில்லை.

"வின்டேஜ் என்று பதிந்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சரக்கு லாரிக்கு அந்தக் கதவு திறக்காது. ஜோங்கா மாதிரி ஜீப் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், அதிலும் எஞ்சினும் பாடியும் பழையபடியே இருக்கவேண்டும்.

மற்ற நான்கையும் அந்தந்த வழியைப் பேசும்போது பார்க்கலாம்.

## எந்த லாரி என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது

நம்ம பக்கம் பேச்சில் அடிபடுவது நாலு வண்டி.

சக்திமான்: ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை செய்தது. ஆறு சிலிண்டர் டீசல். வண்டி இரும்புக் கோட்டை, சாமான்தான் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், வங்காளத்துப் பனாகரில் டிஸ்போசல் சந்தையே இருக்கிறது, ஆனால் கிரவுன் பினியன் என்கிற அச்சுப் பல்சக்கரத்துக்காக எத்தனை நாள் வண்டியைக் கட்டையில் நிறுத்தி வைப்பீர்கள்?

நிஸான் ஒரு டன்: இதுவும் ஜபல்பூர்தான். ஜோங்காவில் இருக்கும் அதே 3,956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சின்ன வண்டி, அழகான முகம், ரசிகர் கூட்டம் அதிகம். லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள்.

டாடா இரண்டரை டன், லேலண்ட் ஸ்டாலியன்: இரண்டும் பிந்திய காலத்து டீசல் வண்டிகள். எஞ்சின் சாமான் சிவில் லாரியோடு ஒத்துப்போகும் என்பதால் தூத்துக்குடி துறைமுக லாரிகளைப் பார்க்கிற மெக்கானிக்குகளுக்கு இவை புதுசு இல்லை. முன் அச்சும், இழுவையை முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸும் மட்டும் தனி ரகம்.

லைசன்சையும் இங்கேயே முடித்துவிடலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கார் லைசன்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உறுதிப்படுத்தியது. நிஸான் அதற்குள் அடங்கிவிடும். சக்திமானுக்கும் ஸ்டாலியனுக்கும் ஹெவி லைசன்ஸ் இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள்.

## முதல் வழி: பழைய உருவத்துக்கே கொண்டுவருவது

அதே எஞ்சின், அதே பாடி, அதே தார்ப்பாய்க் கூடாரம். சட்டப்படி மாற்றம் எதுவும் இல்லை என்பதால் பதிவில் தலைவலி குறைவு, இதுதான் இதன் முதல் பலம்.

வேலை எப்படிப் போகும்? வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம், அது கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பிஸ்டன் ரிங் தப்பித்தது. சுற்றவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழி இல்லை. அடுத்து பிரேக். எஞ்சினை ஓடவைத்த சந்தோஷத்தில் வண்டியை நகர்த்திவிட்டு நிறுத்தமுடியாமல் சுவரில் முட்டிய கதை எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். வீல் சிலிண்டர் நாலும் இறுகியிருக்கும், ஹோஸ் பொடிப்பொடியாக உதிரும், மாஸ்டர் சிலிண்டரில் துரு. இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் எஞ்சினுக்கு வரவேண்டும்.

நம்ம மெக்கானிக்குகள் தடுமாறுவது முன் சக்கரத்தில்தான். நிஸான் மாதிரி வண்டியில் முன் சக்கரம் திரும்புகிற மூட்டான ஸ்டியரிங் நக்கிள் மூடிய உருண்டைக்குள் இருக்கும், அதைச் சுற்றி ஒரு சீல். சீல் போனால் கிரீஸ் வெளியே வழியும், தேரி மணல் உள்ளே போகும், அப்புறம் ஜாயின்ட் அரைந்துவிடும். இந்த வேலை தெரிந்தவர் வேண்டும் என்றால் சுற்று வட்டாரத்தில் இராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாளத்து ஆள்களுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒருவராவது இந்த வண்டியின் வயிற்றுக்குள் கை விட்டவராக இருப்பார். லேத் வேலைக்குத் திருநெல்வேலி பேட்டை இருக்கவே இருக்கிறது.

மறைந்திருக்கிற செலவுகளைச் சொல்கிறேன். ஒன்று, இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறிக் கெட்டுப்போகும், டேங்கில் தண்ணீரும் சேரும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, டேங்கை உள்ளே சுத்தம் செய்துதான் ஆகவேண்டும், மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்கவும் முடியாது. இரண்டு, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே நின்றுபோனது. அந்தப் பெட்ரோலுக்குச் செய்த பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தேயும், ஹெட்டைப் பிரித்ததுதான் பிரித்தீர்கள், கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். மூன்று, மிலிட்டரி வண்டியில் பெரும்பாலும் 24 வோல்ட். பல்ப், ரிலே, ஹாரன் எல்லாம் லாரிக் கடையில் வாங்கவேண்டும், கார்க் கடையில் கிடைக்காது.

நாலாவதுதான் மனசை உடைப்பது. ஆலிவ் பச்சை அடிக்க முடியாது. பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் அந்தப் பெயின்ட் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. பழைய உருவத்துக்கே கொண்டுவருகிறேன் என்று லட்சத்தைக் கொட்டிவிட்டு மணல் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ பெயின்ட் அடிக்கவேண்டி வரும். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை அடித்து ஓட்டுகிறாரே என்றால், அவர் இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டும் செலவு: திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி போய்வர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நிஸானுக்கு 20 முதல் 25 லிட்டர் பெட்ரோல். இன்றைய விலையில் 2,000-இல் இருந்து 2,500 ரூபாய் வரை, ஒரு டன் சாமானுக்கு. அதே சாமானை வாடகைக் குட்டியானையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அதனால் இந்த வழி பிழைப்புக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியாக, தோட்டத்துக்குள் ஓடுகிற வண்டியாக, பண்ணை வீட்டு வாசலில் ஆள் கூட்டுகிற வண்டியாக நன்றாக இருக்கும். விற்பனை மதிப்பும் இந்த வழியில்தான் நிற்கிறது, தேடி வருகிறவர் கைபடாத வண்டியைத்தான் கேட்பார்.

உவரி, கூடங்குளம் மாதிரி கடல் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் சேருங்கள். சேசிஸை சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தால் போதாது, பெட்டி மாதிரி மூடிய சட்டத்துக்குள்ளும் ஆயில் தெளிக்கவேண்டும். வண்டியை மூடி வைக்கிற தார்ப்பாய் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதைவிடத் தகரக் கொட்டகை மேல்.

## இரண்டாம் வழி: எஞ்சினை மாற்றி ஓட்டுவது

"பெட்ரோலைத் தூக்கி எறி, டீசலைப் போடு, லிட்டருக்குப் பத்து கொடுக்கும்." கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

சட்டம் முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. கேஸ், பேட்டரி மாதிரி மாற்று எரிபொருளுக்கு அங்கீகரித்த கிட் போட வழி இருக்கிறது. அதே மேக், அதே ரகம் எஞ்சினை அனுமதியோடு மாற்றலாம். நிஸானுக்குள் வேறு கம்பெனி டீசல் எஞ்சினைத் திணிப்பது இதில் எதிலும் வராது. ஆர்.சி.யில் ஒன்று இருக்கும், பானெட்டுக்குள் வேறொன்று இருக்கும். விபத்து நடக்கும் வரை யாரும் கேட்கமாட்டார்கள், நடந்துவிட்டால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தாலும் கணக்கு நிற்காது. பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றும், பழைய டீசல் மெதுவாகச் சுற்றும், ஆனால் அச்சின் கிரவுன் பினியன் பெட்ரோலுக்காகப் பல் வெட்டியது. டீசல் போட்டதும் எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி ஓடாது. அந்தப் பல்லை மாற்ற இன்னொரு செலவு, முன்னும் பின்னும் இரண்டு அச்சிலும். பெல் ஹவுசிங்குக்கு லேத்தில் அடாப்டர் பிளேட் கடைவார்கள், மில்லிமீட்டரில் ஒரு பங்கு மையம் விலகினாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் அழுதுகொண்டே போகும். டீசல் எஞ்சினின் எடையில் முன் ஸ்பிரிங் பட்டை தாழும், ஸ்டியரிங் கனக்கும். ரேடியேட்டர் போதாது. நம்ம வெயிலில், அதுவும் பணகுடியில் இருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வரை எதிர்காற்றில் போகும்போது, போதாது என்பது அரை மணி நேரத்தில் தெரியும்.

இதையெல்லாம் விட ஆபத்தான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது, தனியாக வேக்குவம் பம்ப் இருக்கவேண்டும். பம்ப் இல்லாத எஞ்சினைப் போட்டுவிட்டு "பிரேக் கொஞ்சம் கெட்டியா இருக்கு, பழகிடும்" என்பார்கள். பின்னால் ஒரு டன் டிரெய்லரும் மாட்டி இறக்கத்தில் போகும்போது அது பழகாது.

இந்த வழி யாருக்குச் சரி? பொதுச் சாலைக்கே வராமல் வேலிக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு. பெரிய தென்னந்தோப்பு, செங்கல் சூளை, கல் குவாரி வளாகம். அங்கேயும் ஏற்கெனவே எஞ்சின் வெடித்துப்போன, பழையபடி ஆக்க வழியில்லாத வண்டியாக இருந்தால் மட்டும். ஓடுகிற நிஸான் எஞ்சினைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விற்கும்போது இந்த வண்டிக்கு இரும்பு விலைதான்.

சக்திமான், டாடா, ஸ்டாலியன் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அவை பிறக்கும்போதே டீசல். அதே ரக எஞ்சினை ரீபோர் செய்து போட்டால் முடிந்தது.

## மூன்றாம் வழி: பாடியை மாற்றுவது

தண்ணீர் டேங்கர், கேரவன், சாப்பாட்டு வண்டி. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் கோடையில் தண்ணீர் ஓட்டினால் காசு என்பார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஒரு டன் வண்டியில் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றினால், தொட்டி இரும்பின் எடை ஏற்கெனவே அளவைத் தாண்டிவிட்டது. உள்ளே தடுப்புத் தகடு வைக்காவிட்டால் திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் அலையடித்து வண்டியைச் சாய்க்கும். டிராக்டர் டேங்கர் அதைவிட அதிகம் கொண்டுபோகும், குறைவாகக் குடிக்கும்.

கேரவன் ஆசைக்கு நாமக்கல், கரூர்ப் பக்கம் அங்கீகாரம் உள்ள பாடி பில்டரிடம் போய், ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு செய்தால்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்கும். 15 வருஷம் தாண்டிய ஹெவி வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாய் ஆனது. கேரவன் கட்டி மாஞ்சோலை ஏறலாம் என்று யாராவது கனவு கண்டால், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளைக்கூட விடமாட்டார்கள். நின்ற இடத்தில் வியாபாரம் செய்கிற சாப்பாட்டு வண்டி என்றால் மட்டும் யோசிக்கலாம், ஓட்டமில்லாததால் எஞ்சின் பற்றிக் கவலை குறைவு.

## நான்காம் வழி: டிரெய்லரை மட்டும் எடுப்பது

இதைப் பேசினால் ஆள்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆனால் மிலிட்டரி டிரெய்லர் நல்ல இரும்பில் செய்தது, அதில் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, கெட்டுப்போவதற்கு ஆறேழு விஷயம்தான் இருக்கிறது. அந்த ஆறேழையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

முன்னால் இருக்கும் இழுவை வளையத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் ஹப் பேரிங் சொல்லிவிடும். பட்டையில் விரிசல் இருக்கிறதா, தரைத்தகடு கீழ்ப்பக்கம் உதிர்கிறதா பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பட்டன் புத்தம்புதுசாகத் தெரிந்தாலும் வயசான டயர் வெயிலில் வெடிக்கும். சிலதில் ஓவர்ரன் பிரேக் இருக்கும், முன் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் வந்து அழுத்த, அந்த அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கும். சிலதில் வெறும் ஹேண்ட் பிரேக்தான். முன்னது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

இப்போது இணைப்பு. மிலிட்டரி லாரியில் வாய் திறந்து மூடும் கொக்கி, அதில் இந்தத் தடித்த வளையம் உட்காரும். டிராக்டரின் பின் போடுகிற கப்ளிங்குக்குள் இது நுழையாது. பட்டறைக்காரர் உடனே "வளையத்தை வெட்டிட்டு பிளேட் வெல்டிங் வச்சிடலாம்" என்பார். விடாதீர்கள். அது அடித்துச் செய்த இரும்பு, வெல்டிங் பட்ட இடம் ஒருநாள் பட்டென்று விடும், அன்றைக்குப் பின்னால் பைக்கில் யாராவது வந்துகொண்டிருப்பார்கள். டிரெய்லரைத் தொடாமல் டிராக்டர் டிராபாரில் ஒரு கொக்கியை போல்ட் போட்டு மாட்டுவதுதான் சரி. உயரம் பார்த்து மாட்டவேண்டும், டிரெய்லர் தரைக்கு மட்டமாக நிற்கவேண்டும். மூக்கு தூக்கி நின்றால் சுமை பின்னால் போய் வால் ஆடும். சாமான் ஏற்றும்போதும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் கனம் விழும்படி ஏற்றுங்கள். அந்தக் கனம் டிராக்டரின் பின் சக்கரத்தில் விழுவதால் தேரி மணலில் பிடிப்பும் கூடும். பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம்.

விளக்கை 24-இல் இருந்து 12 வோல்ட் பல்புக்கு மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், இரவில் கரும்பு டிராக்டர் பின்னால் மோதிச் செத்தவர் கணக்கு ஊரூருக்கு உண்டு.

இங்கேயும் காகிதம் உண்டு. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், தனியாகப் பதியவேண்டும், அதற்கும் அசல் விற்பனைச் சான்று கேட்பார்கள். விவசாயத்துக்கு என்று பதிந்த டிராக்டரில் மாட்டி வாடகைக்குச் செங்கல் ஏற்றினால் அது வேறு வரி, செக்கிங்கில் மாட்டும். பொலேரோ பிக்கப்பில் மாட்ட நினைத்தால், இழுவைக்கு எவ்வளவு எடை என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதை முதலில் பாருங்கள். அதில் இல்லை என்றால் மாட்டாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பழைய உருவம் | எஞ்சின் மாற்றம் | பாடி மாற்றம் | டிரெய்லர் மட்டும் |
|---|---|---|---|---|
| பதிவு | சான்று இருந்தால் முடியும் | வேறு ரக எஞ்சின் என்றால் முடியாது | ஒப்புதல் வாங்கினால் முடியும் | சான்று இருந்தால் எளிது |
| சாமான் | சக்திமானுக்கு அரிது, டாடா, ஸ்டாலியனுக்குப் பரவாயில்லை | எஞ்சினுக்குக் கிடைக்கும், மற்றதற்கு அதே கஷ்டம் | பாடிக்குக் கவலை இல்லை | எங்கும் கிடைக்கும் |
| மறைந்த செலவு | எத்தனால், 24 வோல்ட், பெயின்ட் | பினியன், ரேடியேட்டர், வேக்குவம் பம்ப், இன்சூரன்ஸ் | எஃப்.சி., எடை | கொக்கி, டயர் |
| ஓட்டச் செலவு | பெட்ரோலில் மிக அதிகம் | குறைவு, ரிப்பேர் அதிகம் | அதிகம் | இழுக்கிற வண்டியைப் பொறுத்தது |
| விற்றால் | ஆள் உண்டு | இரும்பு விலை | வாங்குகிறவர் தொழிலைப் பொறுத்தது | உடனே போகும் |

## இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா

இரண்டு பேருக்குச் சொல்வேன். ஒருவர், இடமும் நேரமும் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர். லாரியும் அதன் டிரெய்லரும் ஜோடியாக நின்றால்தான் அவருக்குத் திருப்தி, அந்தத் திருப்திக்கு நான் விலை பேசமாட்டேன். இன்னொருவர், பெரிய தோப்புக்குள் சேறும் மணலும் மாறி மாறி வரும் பாதையில் சாமான் கொண்டுபோகிறவர், அவருக்கு டாடா இரண்டரை டன்னோடு டிரெய்லர் பொருந்தும். மற்றவர்கள் ஜோடியாக ஏலத்தில் வந்தாலும், தனித்தனி லாட்டாகக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

கொண்டுவருகிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏலத்தொகையைப் பார்த்து மயங்குகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பதியாத வண்டியைச் சாலையில் ஓட்டிவர முடியாது. இராணுவக் கிடங்கு இருக்கும் புனே கிர்க்கியில் இருந்து நமக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், பனாகரில் இருந்து 2,000-க்கு மேல். லாரியை இன்னொரு லாரியின் முதுகில்தான் ஏற்றவேண்டும், உயரம் அளவைத் தாண்டினால் லோபெட் என்கிற தாழ்தள வண்டி வேண்டும். சென்னைப் பக்கம் ஆவடியில் கிடைத்தால் பாதிக் கவலை போச்சு. டிரெய்லருக்கு இந்தத் தொல்லை இல்லை, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ரிட்டன் லோடு தேடுகிற லாரி ஒன்றில், தார்ப்பாய்க் கம்பியைக் கழற்றிவிட்டு மற்றச் சாமானோடு சேர்த்து ஏற்றிவிடலாம். வாடகையைப் பேசும்போது, இறக்கும் இடத்தில் கிரேன் உங்கள் செலவா அவர் செலவா என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.